பிள்ளைங்க தூங்கல, தோழர்

ஒற்றை அறை வீட்டில் சண்டை நடக்கும்போது பிள்ளைகள் எங்கே போவார்கள்? பெரிய பத்திரிகைகளின் குடும்பப் பக்கங்களில் இதற்குப் பதில் உண்டு: தனியறைக்கு அழைத்துப் போங்கள், மெல்லிய இசை போடுங்கள், வண்ணப் பென்சில் கொடுங்கள். எந்தத் தனியறைக்கு? சேரியில் பிள்ளைக்குக் கிடைப்பது கதவிடுக்கும் அடுப்படி மூலையும்தான். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்கும்.

2003லிருந்து மதுக்கடையை அரசே நடத்துகிறது. ராத்திரி கடை சாத்திய பிறகுதான் நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை ஆரம்பம். குடி மட்டுமா? வேலையில்லாத வாரம், வாசலில் நின்று கந்துவட்டிக்காரன் பேசும் பேச்சு, ஆஸ்பத்திரிச் செலவு. ஜூன் மாதம் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். அம்மாவின் தோடு தராசில் ஏறுவதை எட்டிப் பார்க்கிற பிள்ளையை "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று அதட்டுவார்கள். அதுக்குத் தெரியும். தெரிந்ததை இறக்கி வைக்கத்தான் இடமில்லை.

'இது குடும்ப விஷயம், இயக்கத்துக்கு என்ன வேலை' என்று கேட்கும் தோழர்கள் உண்டு. 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் வீட்டைப் பற்றியும்தான் பேசினார். பிள்ளைகள் மனசிலிருந்து தாழ்வுணர்ச்சியை எடுத்தெறியச் சொன்னார். ஊர் ஏற்றுகிற தாழ்வுணர்ச்சி ஒன்று. 'என்னாலதான் சண்டை' என்று பிள்ளை தானே நம்பிக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் சுமந்துகொண்டுதான் அது கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறது.

விளையாட்டு என்ன கிழித்துவிடும் என்கிறீர்களா? நாஜிகளின் தெரேசின் முகாமில் ஃப்ரீடல் டிக்கர் என்ற ஓவியர் சிறைப்பட்ட பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தார். 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். பிள்ளைகள் வரைந்த சுமார் 4500 படங்கள் மிஞ்சின. சாவு வாசலில் நின்றபோதும் பிள்ளைக்குக் கை வேலை வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நமக்குச் செலவே இல்லை. அஞ்சாங்கல் ஆடட்டும், மேலே போன கல் இறங்குவதற்குள் அடுத்ததைப் பொறுக்கும்போது கண்ணும் கையும் அங்கே போய்விடும். காகிதக் காத்தாடி செய்து மெதுவாக, நீளமாக ஊதச் சொல்லுங்கள். மூச்சு நீண்டால் படபடப்பு இறங்கும். களிமண் பிசையட்டும், கோபத்துக்கும் ஒரு வழி வேணுமில்லையா. அடுப்புக்கரியால் சுவரில் வரையட்டும். நேற்று ராத்திரி நடந்ததை வரைந்தால் "அழகா இருக்கு" என்று முடித்துவிடாதீர்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள். அது சொல்லி முடித்ததும் ஒரு வார்த்தை: "இது உன் தப்பில்ல."

இன்னொன்று. தெருவைப் படமாகப் போடச் சொல்லுங்கள். நடுராத்திரி தட்டினால் திறக்கிற கதவு எதுவோ அங்கே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு தெருவில் பத்துப் புள்ளி விழுந்தால் அதற்குப் பெயர்தான் அமைப்பு. ஒரு புள்ளிகூட விழாத தெருவில் நம் கொடிக்கம்பம் எதற்கு? அடி உதை என்றால் விளையாட்டு போதாது. 1098ஐப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணி வையுங்கள்.

இரவுப்பள்ளி நடத்தும் மாணவர்களே, கணக்குப் பாடத்துக்குப் பிறகு கடைசி அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளையை வாயடைக்க அல்ல, வாய் திறக்க. கூலி உயரும், நிலம் கிடைக்கும், அதற்காகப் போராடுவோம். அதுவரை வளராமல் காத்திருக்கப் பிள்ளையால் முடியாது.

மேடையில் விடுதலை பேசிவிட்டு வீட்டில் கை ஓங்குகிற தோழருக்கு ஒன்று: உங்கள் பிள்ளை போடும் படத்தில் உங்கள் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது?