ஞானஸ்நானமும் ஜாதியும்

கம்பம் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் கிறிஸ்தவத் தோழர்கள் ஞாயிறுதோறும் ஒன்றுகூடி ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறார்கள். இதுவே சமத்துவம் என்று பிரசங்கமும் நடக்கிறது. மெத்தச் சரி. ஆனால் நாம் கேட்கிறோம்: கோவில் வாசலைத் தாண்டினால் அந்தச் சமத்துவம் எங்கே போகிறது?

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே ஜாதிக்குச் சுவர் வைத்தார்கள். 1910-ல் அது இடிக்கப்பட்டதும், மேல்ஜாதிக் கிறிஸ்தவர் கோர்ட்டுக்கு ஓடித் தோற்றார்கள். புத்தி வந்ததா? அன்றைய விழுப்புரம் ஜில்லா எறையூரில், 2008-ல், தனிப் பங்குக்கோவில் கேட்ட தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்மீது மேல்ஜாதிக் கிறிஸ்தவரே பாய்ந்தார்கள். கலகத்தில் போலீஸ் சுட்டு இருவர் மாண்டனர்.

இந்து மதத்து இழிவு வேண்டாமென்று ஓடிவந்தவனுக்குக் கிடைத்ததென்ன? சலுகை கேட்டால், “நீ கிறிஸ்தவன், உனக்கு ஜாதி ஏது?” என்கிறது 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு. பெண் கேட்டால், “நீ என்ன ஜாதி?” என்கிறான் சக கிறிஸ்தவன்!

தோழர்களே! ஜெபம் போதாது. உங்கள் பங்கில் ஜாதி பாராத கலியாணம் எத்தனை? கல்லறைத் தோட்டம் எல்லோருக்கும் பொதுவா? கணக்குக் காட்டுங்கள். அதுவரை, ஞானஸ்நானத் தண்ணீர் ஜாதியைக் கழுவவில்லை, நனைத்ததோடு சரி என்றே நாம் சொல்லுவோம்.