கோட்டைக் காக்கும் கோமாளிகள்!

கோட்டைக் காக்கிறார்கள் என்றதும் கொத்தளமும் அகழியும் கொடிமரமும் கொண்ட கோட்டையை எண்ணிவிடாதீர், தோழர்களே! நான் சொல்வது கோடு. நிலப்படத்திலே மையால் இழுத்த கோடு. வயலிலே அது தெரியாது, வாய்க்காலிலே தெரியாது, வேலி தாண்டி மேயும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அறவே தெரியாது. அந்தக் கோட்டைக் காக்க ஒரு படை! படைக்கு உடுப்பு உண்டு, ஊர்தி உண்டு, உத்தியோகப் பெயரும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று: வேலை!

அயர்லாந்துத் தீவின் வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் எல்லையை வைத்து, 2018-இல் பி.பி.சி.யின் வட அயர்லாந்துப் பிரிவு ஒளிபரப்பத் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் ஒன்றைத்தான் குறிப்பிடுகிறேன். 'சாஃப்ட் பார்டர் பேட்ரோல்' என்பது அதன் பெயர். மென்மையான எல்லையின் ரோந்துப் படை என்று தமிழிலே சொல்லலாம். உண்மையான செய்திப்படம் எடுப்போர் போலக் காமிராக்காரர்கள் அந்தப் படையின் பின்னாலேயே செல்கிறார்கள். படையும் பொய், படமும் பொய். ஆனால் காவலர்களோ, கடமையின் கனம் தாங்காத முகத்தோடு காமிராவைப் பார்த்து விளக்கம் உரைக்கிறார்கள். எல்லையைக் காக்கவும் வேண்டும். எல்லை இருப்பது எவர் கண்ணிலும் படவும் கூடாது! இந்த விந்தைக் கட்டளை நகைச்சுவையாளனின் கற்பனையிலே பிறந்தது என்றா எண்ணுகிறீர்? அல்ல. அது பிறந்த இடம் லண்டன் மாநகர்.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் வாக்களித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவோம் என்றோர் 51.9 விழுக்காடு. வட அயர்லாந்து மக்களோ, 55.8 விழுக்காட்டினர், விலகவேண்டாம் என்றனர். யார் கேட்டார் அவர்களை! ஒன்றியத்தின் சந்தையை விட்டும் வெளியேறுவோம், சுங்கக் கூட்டை விட்டும் வெளியேறுவோம், ஆயினும் எல்லையிலே சாவடி வைக்கமாட்டோம் என்றது ஆளுங்கட்சி. குளத்திலே இறங்குவேன், ஆனால் குதிகால் நனையாது என்பதுபோல!

எல்லையோ ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சாலைகள் அதைக் கடக்கும் இடங்கள் 208. ஒரு நாட்டின் எல்லையாக அது வரையப்பட்டதே இல்லை. பழைய மாவட்டங்களின் வரம்பு அது. 1921-இல் அதையே அரசியல் எல்லையாக்கினர். திருத்தி அமைக்க ஆணையம் ஒன்றை நியமித்தனர். 1925-இல் அதன் அறிக்கையைப் புதைத்தனர். 1969-இல்தான் அது வெளிச்சத்தைக் கண்டது. பெட்டிகோ என்ற சிற்றூரிலே ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இப்பால் ஒரு நாடு, அப்பால் ஒரு நாடு. இதை எண்ணிச் சிரித்தவர் முன்பே உண்டு. நம் நாட்டு அகமத்நகரிலே 1918-இல் பிறந்த ஸ்பைக் மில்லிகன், 1963-இல் எழுதிய 'பக்கூன்' புதினத்திலே கோட்டை இடுகாட்டின் குறுக்கே ஓடவிட்டார். பிணத்துக்குக் கடவுச்சீட்டு கேட்க வைத்தார்!

ஆனால் 2018-இல் இந்தக் கலைஞர்களுக்குக் கடும் போட்டி. யாரோடு? அமைச்சர்களோடு! அயலுறவு அமைச்சராக அன்று இருந்தவர் போரிஸ் ஜான்சன். அயர்லாந்து எல்லையைப் பற்றிக் கேட்டபோது, லண்டனில் கேம்டனுக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் நடுவே சோதனைச் சாவடியா இருக்கிறது, அங்கே வண்டியோட்டிகளிடம் கட்டணம் பெறவில்லையா என்ற பொருள்பட விடையிறுத்தார். ஒரு நகரின் இரண்டு பேட்டைகளும், நூறாண்டு நெருங்கும் பிரிவினையும் அவர் பார்வையிலே ஒன்று. வட அயர்லாந்துக்கே பொறுப்பான அமைச்சர் கேரன் பிராட்லி, அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பேட்டியளித்தார். அயர்லாந்து தேசியவாதிகள் ஒன்றியவாதக் கட்சிகளுக்கு வாக்களிப்பதில்லை என்பதே பதவியேற்கும்வரை தமக்குத் தெரியாது என்றார்! நாடகம் எழுதிப் பழகியவன் நான். இப்படி ஒரு வசனத்தை எழுதிக் கொடுத்தால், நம்பும்படி இல்லை என்று நடிகனே அடித்துவிடுவான்.

குருதி சிந்திய மண்ணிலே கேலியா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். அவர்கள் கேள்வியை நான் தள்ளவில்லை. 1960-களின் இறுதியிலிருந்து 1998 வரை நீண்ட மோதலிலே 3,500-க்கு மேற்பட்டோர் மாண்டனர். எல்லைச் சாலைகளை இராணுவம் குண்டு வைத்துப் பிளந்தது. குன்றுகளிலே கண்காணிப்புக் கோபுரங்கள் முளைத்தன. 1988 பிப்ரவரி 21 அன்று ஆக்னாக்லாய் சாவடியைத் தாண்டி, கேலிக் கால்பந்து ஆட்டத்துக்கு நடந்து சென்றான் 23 வயது இளைஞன் ஒருவன். முதுகிலே பாய்ந்தது குண்டு. கை ஈரமாக இருந்தது, விரல் வழுக்கிவிட்டது என்றான் சுட்ட சிப்பாய். அது குற்றமே என்று நீதிமன்றம் சொல்ல 2022 நவம்பர் ஆயிற்று! தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது.

அந்தச் சாவடிகள் போன இடத்திலே நின்றுகொண்டுதான் இந்தக் கோமாளிகள் சிரிப்பூட்டுகிறார்கள். 1993-இல் சுங்கச் சாவடிகள் அகன்றன. 1998 ஏப்ரல் 10 உடன்பாட்டுக்குப் பின் கோபுரங்களும் வீழ்ந்தன. துப்பாக்கி போனதால் உடுப்பு நகைப்புக்குரியதாயிற்று. எல்லையிலே எதை நாட்டினாலும் அது தாக்குதலுக்கு இலக்காகும், அதைக் காக்க நிற்கும் காவலரும் இலக்காவர் என்று 2018-இலேயே எச்சரித்தார் அன்றைய காவல்துறைத் தலைவர் ஜார்ஜ் ஹாமில்டன். அதே காவலரைத்தான், வேலையற்ற வேடிக்கை மனிதராக்கிக் காட்டுகிறது இத்தொடர். இவர் இப்படியே வேலையற்று இருக்கட்டும் என்ற வேண்டுகோள் அந்தக் கேலிக்குள் இருக்கிறது. அரசன் எதிரே அரசனையே கிண்டல் செய்யும் நமது தெருக்கூத்துக் கட்டியங்காரனை அறிந்தோருக்கு இந்தக் கலை புதிதன்று.

ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு, மறைக்கமாட்டேன். இவ்வகைக் கலை எவரையும் அன்புக்குரியவராக்கி விடுகிறது. திக்கித் திணறும் காவலனைக் கண்டு சிரிக்கிறோம்; பிறகு இரங்குகிறோம்; பிறகு அவன்மீது பாசம் கொள்கிறோம். பாசத்துக்குரியவன் நிற்கும் சாவடியும் நாளடைவில் பழகிப்போகும் அல்லவா? கட்டியங்காரன் காவல்காரனோடு விளையாடிவிட்டு இறங்கிவிடுவதில்லை. அரியணை வரை போவான். சிரிப்பு அவ்வளவு தொலைவு போகவேண்டும், கோட்டை இழுத்தவனிடம், அந்தக் கோட்டின் பேரால் வாக்கு வாங்கியவனிடம்.

பின்னர் நடந்ததும் உமக்குத் தெரிந்திருக்கும். நிலத்திலே வைக்க முடியாத சாவடியைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். 2021 ஜனவரி முதல், பிரிட்டனிலிருந்து வரும் சரக்குகளுக்கு வட அயர்லாந்தின் துறைமுகங்களிலேயே சோதனை. 2023-இல் வின்ட்சர் உடன்பாடு அதற்குப் பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு வழிகளை வகுத்தது. ஆனால் சோதனை தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த 2021 பிப்ரவரி முதல் நாளன்றே, லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகங்களிலே இறைச்சி, பால்பொருள் சோதனையை நிறுத்தி, அலுவலர்களைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. அலுவலர்களை இலக்கு என்று குறித்துச் சுவர்களிலே எழுதியிருந்தார்கள், தோழர்களே! அங்கே காமிரா இல்லை. நடிகர் எவரும் இல்லை.