4.26 + 4.26 = 8.51? எக்செல் ஏன் ‘தப்பா’ கூட்டுது?

ஒரு பொருளின் விலை 47 ரூபாய் 30 காசு. ஜிஎஸ்டி 18%. அதில் 9% மத்திய அரசுக்கு, 9% மாநில அரசுக்கு. இதை எக்செல்லில் போட்டால் மத்திய ஜிஎஸ்டி 4.26, மாநில ஜிஎஸ்டி 4.26 என்று காட்டும். ஆனால் மொத்த வரி என்ற கட்டத்தில் 8.52 வராது, 8.51தான் வரும். கால்குலேட்டரில் தட்டினால் 8.52. அப்போ எது சரி?

*என்ன நடக்கிறது?*

47.30-க்கு 9% என்பது உண்மையில் 4.257. கட்டத்தை ‘இரண்டு தசமம்’ என்று ஃபார்மேட் செய்திருப்பதால் திரையில் 4.26 தெரிகிறது. உள்ளே இருப்பது அதே 4.257தான். எக்செல் கூட்டுவது உள்ளே இருக்கும் எண்ணை. 4.257-ஐ இரண்டு முறை கூட்டினால் 8.514, அதைச் சுருக்கி 8.51 என்று காட்டுகிறது. அதாவது, ஃபார்மேட் மாற்றுவது தோற்றத்தை மட்டும்தான், எண்ணை அல்ல.

*ஒரு காசுதானே, விடுங்க?*

இதே பொருளுக்கு 1,000 பில் போட்டால், பில்களில் அச்சான வரியின் கூட்டுத்தொகை 8,520 ரூபாய். ஷீட் சொல்வது 8,514. வித்தியாசம் 6 ரூபாய்தான். ஆனால் கணக்கு டேலி ஆகாது. மாதக் கடைசியில் அந்த 6 ரூபாயைத் தேடி ஒருவர் உட்கார வேண்டும். யாரோ தப்பாக என்ட்ரி போட்டுவிட்டார்கள் என்ற சந்தேகம் வேறு வரும்.

*தேர்தல் முடிவை மாற்றிய 0.03%*

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 1992 ஏப்ரல் 5 அன்று தேர்தல் நடந்தது. 5% வாக்கு வாங்கினால்தான் சட்டமன்றத்தில் இடம். பசுமைக் கட்சிக்கு 5.0% என்று கணினி அச்சிட்டது. கட்சி உள்ளே வந்துவிட்டதாக அறிவிப்பும் வெளியானது. பிறகு பார்த்தால் உண்மையான அளவு 4.97%. ஒரு தசம இலக்கத்துக்குச் சுருக்கியதில் அது 5.0 ஆகிவிட்டது. திருத்திய முடிவில் பசுமைக் கட்சிக்கு இடமில்லை. மொத்தமுள்ள 89 இடங்களில் 45 பெற்று சமூக ஜனநாயகக் கட்சி ஓரிடப் பெரும்பான்மையுடன் தனித்து ஆட்சி அமைத்தது.

*அப்போ எல்லா இடத்திலும் ரவுண்ட் பண்ணிடலாமா?*

அதுவும் ஆபத்து. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-ல் புதிய குறியீட்டை 1,000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு வர்த்தகத்துக்குப் பிறகும் குறியீட்டைக் கணக்கிட்டு, மூன்று தசமத்துக்கு மேல் இருப்பதை வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சூண்டுதான் போனது. ஆனால் 1983 நவம்பரில் குறியீடு 524-ல் நின்றது. கணக்கைச் சரிசெய்தபோது வந்த எண் 1,098.

*என்ன செய்யலாம்?*

* பில், ரசீது, சம்பளச் சீட்டு என வெளியே போகும் தொகையை ரவுண்ட் ஃபங்ஷன் கொண்டு இரண்டு தசமத்துக்கு மாற்றுங்கள். மொத்தத்தையும் அந்த எண்களிலிருந்தே கூட்டுங்கள். மேலே சொன்ன பில்லில் 8.52 வந்துவிடும்.

* இடையில் வரும் கணக்குகளை ரவுண்ட் செய்யாதீர்கள்.

* எங்கே ரவுண்ட் செய்வது என்று விதி இருந்தால் அதுதான் முக்கியம். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-வது பிரிவு, செலுத்த வேண்டிய வரியை முழு ரூபாயாக்கச் சொல்கிறது: 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம்.

* தேர்ச்சி, கட்-ஆஃப், தகுதி வரம்பு பார்க்கும்போது தசம இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 49.96-ம் திரையில் 50.0 என்றுதான் தெரியும்.

* திரையில் தெரிவதையே உண்மை எண்ணாக மாற்றும் ஒரு வசதி எக்செல் செட்டிங்ஸில் இருக்கிறது. அதை ஆன் செய்தால் மறைந்திருக்கும் தசமங்கள் நிரந்தரமாகப் போய்விடும். ஃபைலின் நகல் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 8.51, 8.52 இரண்டுமே சரியான கூட்டல்தான். பில்லில் அச்சானது எந்த எண்களோ, அவற்றின் கூட்டுத்தொகைதான் வாடிக்கையாளரிடம் செல்லுபடியாகும்.