ஒரே தூசிதான்!

சுரங்கத்தை எதிர்ப்பவன் சுரங்கத் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறான் என்பது முதலாளிமார் வழக்கமாகப் பாடும் பாட்டு. நம் தோழர்களிலும் சிலர் இதற்குத் தலையசைக்கிறார்கள். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நடந்ததை அவர்கள் கேட்கட்டும்.

அங்கே சண்டயல் என்னும் சிற்றூரில் மார்ஷ் ஃபோர்க் ஆரம்பப் பள்ளி இருந்தது. சுமார் 75 கஜ தூரத்தில் மாஸி கம்பெனியின் நிலக்கரிக் கோபுரம். பள்ளிக்கு மேலே, மலையிடுக்கில், கரி கழுவிய சகதியைத் தேக்கும் அணை. கொள்ளளவு 280 கோடி காலன்! பிள்ளைகளுக்குத் தலைவலி, மூச்சுத்திணறல் என்று பெற்றோர் முறையிட்டனர். சர்க்கார் செய்தது என்ன? 2005ல் இரண்டாவது கோபுரத்திற்கும் அனுமதி கொடுத்தது! எதிர்ப்பு கிளம்பிய பின்னரே அது ரத்தாயிற்று.

2006ல் எட் வைலி என்பவர் புதுப் பள்ளி கேட்டு வாஷிங்டனுக்கே நடந்தார். பேத்தி அப்பள்ளியில் படித்தவள். அவரோ முன்பு அதே நிலக்கரித் தொழிலில் உழைத்தவர். 2009 ஜூனில் பள்ளியருகே கூடியவர்களில் பலர் கைதாயினர். எதிரில் நின்று கூச்சலிட்டவர்கள் யார்? கம்பெனித் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும்! அவர்களைப் பழிக்க நமக்கு மனமில்லை. கூலிக்கு வேறு வாசல் இல்லாத பள்ளத்தாக்கில் சங்கமும் இல்லையென்றால், முதலாளியின் பயமே தொழிலாளியின் பயமாகிவிடுகிறது.

2010 ஏப்ரல் 5ந் தேதி, அதே கம்பெனியின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்தது. 29 தொழிலாளர்கள் மாண்டனர். சங்கம் இல்லாத சுரங்கம் அது. வாயு பற்றியது, நெருப்பைச் சுரங்கமெங்கும் கொண்டுபோனது, கம்பெனி அகற்றாமல் விட்ட கரித்தூசி! இறந்தவர்களில் 24 பேரின் நுரையீரலைச் சோதிக்க முடிந்தது. 17 பேருக்குக் கருநுரையீரல் நோய். குழந்தையின் வகுப்பறையில் படிந்த தூசியும் தகப்பனின் நெஞ்சில் உறைந்த தூசியும் வேறு வேறா?

கம்பெனித் தலைவர் பிளாங்கன்ஷிப்பிற்கு 2016ல் கிடைத்த தண்டனை ஓராண்டுச் சிறை. 29 உயிருக்கு ஓராண்டு!

புதுப் பள்ளியும் வந்தது, 2013ல். 2005ல் அங்கே முதல் வகுப்பில் இருந்த பிள்ளை, ஆரம்பப் பள்ளியை முடித்து எப்போதோ வெளியேறியிருக்கும்.