போடிமெட்டுக்கு காரில் போறீங்களா? முதுகு வலியும் சத்தமும் குறைய எளிய வழிகள்!

முந்தல் தாண்டினால் மலை ஆரம்பம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாயும். இரண்டாவது கியரில் இன்ஜின் அலறும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஏலக்காய் டீயைத் தேடுவதற்கு முன் இடுப்பைப் பிடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

உடனே புது சீட் கவர், விலை கூடிய குஷன் என்று ஆர்டர் போட வேண்டாம். காசு செலவில்லாத வேலைகளை முதலில் பார்ப்போம்.

சீட்டை சரி செய்யுங்கள்

பிரேக் பெடலை முழுவதும் மிதிக்கும்போதும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். முதுகை சீட்டில் ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் பகுதியைத் தொட வேண்டும். அந்த அளவில் சீட்டை நிறுத்துங்கள். ஒரு துண்டைச் சுருட்டி இடுப்புக்குச் சற்று மேலே, முதுகு உள்வளையும் இடத்தில் வைத்தால் பாதி வலி குறைந்துவிடும்.

அடுத்தது டயர். காற்று அதிகமாக இருந்தால் சின்னப் பள்ளம்கூட முதுகில் இடிக்கும். டிரைவர் கதவின் ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரில், ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, முழு லோடுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே காற்றைப் பாருங்கள்.

நம்ம ஊர் இலவம்பஞ்சு

ஏலக்காய்க்கு அடுத்து போடிக்குப் பேர் வாங்கித் தந்தது இலவம்பஞ்சு. இதன் இழை, உள்ளே காற்று நிறைந்த குழல் போன்றது. அதனால் எடை குறைவு. உட்கார்ந்தால் சூடும் ஏறாது. பின் சீட்டில் முதுகுக்கு வைக்க மெல்லிய திண்டு தைத்துக்கொள்ளலாம். நாளாக ஆக பஞ்சு கட்டிதட்டும். அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும்.

ஆனால் அடியில் போட்டு உட்கார தடித்த தலையணை வேண்டாம். உயரம் கூடினால், இடுப்பு எலும்பில் பதிய வேண்டிய சீட் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். இறக்கத்தில் பிரேக் போட்டால் தலையணையோடு ஆளும் முன்னால் சறுக்கலாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஜாக்கி, ஸ்பேனர், கதவுப் பையில் உள்ள தண்ணீர் பாட்டில்... இவைதான் முதல் குற்றவாளிகள். பழைய துணியில் சுற்றி வைத்தாலே பாதி கடகட சத்தம் நின்றுவிடும்.

பிறகு கதவு பீடிங். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். சிரமமில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் துடைத்து, சிலிகான் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கிரீஸ், பெட்ரோல் பக்கம் போக வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும்.

கதவுத் தகரத்தைத் தட்டினால் 'டங்' என்று அதிர்கிறதா? அந்த இடத்தில் மட்டும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டினால் போதும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். மலை மழையில் தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

* சத்தத்தை உறிஞ்சும் என்று இலவம்பஞ்சையோ ஃபோமையோ பானெட்டுக்குள்ளும் வயர்களுக்குப் பக்கத்திலும் திணிக்காதீர்கள். இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும்.
* டிரைவர் காலடியில் மேட் மேல் மேட் போடாதீர்கள். பெடலில் சிக்கினால் ஆபத்து.
* சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அதை மூடும் சீட் கவர் போடாதீர்கள்.
* சத்தமே கேட்கக்கூடாது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டைக் கூட்டி வைக்காதீர்கள். வளைவில் எதிரே வரும் ஹாரன் கேட்க வேண்டும். மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

ஜீப்பில் போகும் அம்மாக்களுக்கு

இருட்டு விலகும் முன்பே போடியிலிருந்து ஜீப்பில் ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தக் குலுக்கல் தினசரி வாழ்க்கை. பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்து போகும்போது ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகுத்தண்டில் இறங்கும். ஜீப் வைத்திருப்பவர்கள் பெஞ்சின் மேல் கெட்டியான, மெல்லிய மெத்தையை நழுவாமல் இழுத்துக் கட்டலாம். பிடித்துக்கொள்ள கம்பியும், அதன் மேல் ரப்பர் உறையும் போடலாம். தார்ப்பாய் படபடவென்று அடிக்காமல் கயிற்றை இறுக்கினால் காதுக்கும் நிம்மதி.

எட்டுப் பேர் போக வேண்டிய ஜீப்பில் பதினைந்து பேர் ஏறினால் எந்த மெத்தையும் உதவாது. ஆள் கூடினால் ஸ்பிரிங் அமுங்கும், பிரேக் பிடிக்க நேரமாகும், வளைவில் வண்டி சாயும். அதனால் ஜீப்பில் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆட்களை எண்ணி ஏற்றுவதுதான். மெத்தையெல்லாம் அதற்கு அப்புறம்.