உபகாரச் சம்பளம் யாருக்கு உபகாரம்?

தொழிலாளியின் மன நலத்தைப் பற்றி ஆராய்வதற்காக, படித்த வாலிபர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கும் தொண்டு ஸ்தாபனங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. இதைக் கேட்டதும் நம் ஆலைத் தோழர்கள் சிலருக்குச் சிரிப்பு வரும். "கூலிக்கே வழியைக் காணோம், மனசுக்கு ஆராய்ச்சியா?" என்பார்கள்.

சிரிக்க வேண்டாம், தோழர்களே! இது நம்முடைய பிரச்னை.

ராத்திரி ஷிப்டு முடித்து வந்து, பகலில் தூக்கம் பிடிக்காமல் புரளும் பஞ்சாலைப் பெண்ணைப் பாருங்கள். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று கான்டிராக்டர் வாயைப் பார்த்து நிற்கும் தூத்துக்குடித் துறைமுகத் தொழிலாளியைப் பாருங்கள். மழை பிடித்ததும் வேலை நின்றுபோக, கடை பாக்கியை நினைத்து நெஞ்சு படபடக்கும் உப்பளத் தொழிலாளியைப் பாருங்கள். வட்டிக் கடனை எண்ணி, யாருடனும் பேசாமல் திண்ணையில் குந்தியிருக்கும் விவசாயக் கூலியைப் பாருங்கள். இவர்களுக்கு வந்திருப்பது சோம்பலா? கோழைத்தனமா? இல்லை. உழைப்பு உடம்பைத் தேய்க்கிறது. நிச்சயமில்லாத பிழைப்பு மனசைத் தேய்க்கிறது.

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. முதலாளிகள் இந்தக் கணக்கைக் கண்டுதான் விழித்துக் கொண்டார்கள். நமக்கு வேண்டிய கணக்கு வேறொன்று இருக்கிறது. அதே ஸ்தாபனமும் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து 2021-ல் வெளியிட்டது அது. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைத்ததனால் பக்கவாதமும் இதய நோயும் கண்டு, 2016-ம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் மாண்டார்கள்! அவர்களுக்கு நஷ்டம் வேலை நாள். நமக்கு நஷ்டம் உயிர்.

ஆகவே ஆராய்ச்சி வேண்டும். ஆனால் யார் பணத்தில்? யார் கேட்கும் கேள்விக்கு?

பிலடெல்பியா சொன்ன பாடம்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பஞ்சாலை ஒன்றில் 1923-ல் எல்டன் மேயோ என்ற அறிஞர் ஆராய்ச்சிக்குப் போனார். அவருக்குப் படியளந்தது எண்ணெய்க் கோடீசுவரர் ராக்பெல்லர் குடும்பத்துப் பணம். அந்த ஆலையின் நூற்புப் பிரிவில் ஆட்கள் நிற்பதில்லை. 100 பேர் வேலைக்கு ஆண்டுக்கு 250 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நாளெல்லாம் நடந்து நடந்து அறுந்த இழையை ஒட்டுவதுதான் வேலை. கால் கடுத்தது, மனசு இருண்டது.

மேயோ கண்ட மருந்து என்ன? காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிஷம் ஓய்வு! ஆட்கள் தங்கினார்கள், உற்பத்தியும் ஏறியது. 1924-ல் அவசர ஆர்டர் வந்ததும் மேற்பார்வையாளர் ஓய்வை நிறுத்திவிட்டார். உடனே உற்பத்தி விழுந்தது, பழைய சோர்வு திரும்பி வந்தது. பிறகு ஓய்வைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நல்ல காரியந்தான். ஆனால் அந்த ஓய்வு தொழிலாளியின் உரிமையாக வரவில்லை, உற்பத்தி ஏற்றும் உபாயமாக வந்தது. கொடுத்த கை எடுக்கவும் செய்தது. இந்தப் பாதை எங்கே போய் முடிந்தது? சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1936-ல் ஆலோசகர்களை நியமித்தார்கள். தொழிலாளியின் குறையைப் பொறுமையாகக் கேட்பது அவர்கள் வேலை. தீர்த்து வைக்கும் அதிகாரமோ அவர்களுக்குக் கிடையாது!

கோரல் மில் சொன்ன பாடம்

மேயோவுக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே இந்த உண்மையைக் கண்டு சொன்னவர்கள் நம் தூத்துக்குடியில் இருந்தார்கள். கோரல் மில் தொழிலாளர்கள்! 1908 பிப்ரவரி 27-ல் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலியை உயர்த்து, வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடு என்று கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். ஹார்வி துரைமார் பணிந்தார்கள். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தன. அந்த மார்ச் 12-ல் இரு தலைவர்களையும் வெள்ளை சர்க்கார் கைது செய்தது.

எந்த உபகாரச் சம்பளமும் வாங்காமல், ஓய்வுதான் மருந்து என்று கண்டார்கள். கண்டதோடு நிற்காமல் வென்றும் எடுத்தார்கள். 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியபோது, கொடியின் நிறம் பாராமல் சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். மூச்சுப் பயிற்சி வகுப்பு ஆயிரம் நடத்தினாலும் இதற்கு ஈடாகுமா?

நம் பக்கத்துக் குறை

அதற்காக, சங்கம் இருந்தால் போதும், ஆராய்ச்சியும் வைத்தியமும் வேண்டாம் என்று சொல்வது தவறு. கோவாவில் 'சங்காத்' என்ற தொண்டு ஸ்தாபனம் டாக்டர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு கண்டவர்களுக்கு உதவ வைத்தது. அங்கே அதிகம் பேர் குணமடைந்ததை 2010-ல் வெளியிட்டது. இது நமக்கு உதவும் ஆராய்ச்சி. நம்மில் ஒருவருக்கே இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம் அல்லவா?

நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். விரல் நசுங்கினால் ஓடுகிறோம். மனசு நசுங்கினால் "பயந்தவன்", "குடிகாரன்" என்று ஒதுக்குகிறோம். பெண் தொழிலாளி அழுதால் "அவள் அப்படித்தான்" என்கிறோம். சங்கக் கூட்டத்தில் இதைப் பேச வெட்கப்படுகிறோம். காய்ச்சலுக்கு வெட்கம் உண்டா? 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சர்க்கார் மூலம் வைத்தியம் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் செலவில்லாமல் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம்.

எனவே, ஆராய்ச்சி செய்ய வரும் வாலிபரை வரவேற்போம். ஆனால் மூன்று நிபந்தனைகள் வைப்போம். முதலாவது, என்ன கேட்பது என்பதைத் தீர்மானிக்கும்போது தொழிலாளியும் கூட உட்கார வேண்டும். இரண்டாவது, வேலை நேரம், கூலி, கான்டிராக்ட் முறை, மேஸ்திரியின் வசை, கடன் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். மூன்றாவது, யார் என்ன சொன்னார் என்பது நிர்வாகத்தின் காதுக்குப் போகக் கூடாது. முடிவுகளைத் தமிழில், ஆலை வாசலில் படித்துக் காட்ட வேண்டும்.

இந்தக் கரையில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. ஆனால் அதன் முறை பெரியவர்களுக்குத் தெரியும். ஒருவன் கடலில் மூழ்குவான். மற்றொருவன் தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பான். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்த அந்தக் கணமே மேலே இழுக்க வேண்டும். தோழனின் கயிறு அசைகிறதா என்று நாம் பார்க்கிறோமா? மூழ்கியவனை இழுத்துக் கரை சேர்ப்போம். அவனை மூழ்கடிக்கும் பாரத்தையும் ஒன்றுபட்டு அறுத்தெறிவோம்!