பூனையை மறந்த சட்டமும் வாய் திறவாத மருத்துவமும்

கேரளத்தில் மக்களை அதிகம் கடிக்கும் விலங்கு எது என்று கேட்டால், பலரும் நாய் என்றே விடை சொல்வர். அம்மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்கோ வேறு சொல்கிறது. 2020ஆம் ஆண்டில் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றோர் 1,60,483 பேர். பூனைக்கடிக்குச் சிகிச்சை பெற்றோர் 2,16,551 பேர். 2016 முதல் 2020 வரை ஒவ்வோர் ஆண்டும் பூனையின் எண்ணிக்கைதான் மேலோங்கி நின்றது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது கிடைத்த விவரம் இது.

சட்டத்தின் கண்ணில் பூனை நெடுங்காலம் படவேயில்லை. கேரள ஊராட்சிகளுக்கான 1998ஆம் ஆண்டின் உரிம விதிகள் தலைப்பிலேயே பன்றியையும் நாயையும் மட்டும் பெயர் சொல்கின்றன. 2023 வரை நடப்பிலிருந்த நடுவண் அரசின் 2001ஆம் ஆண்டுக் கருத்தடை விதிகளும் நாய்க்கென்றே எழுதப்பட்டிருந்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களைப் பற்றி ஓர் ஆணையிட்டுப் பதினொரே நாளில் அதைத் திருத்தியபோது நாடே இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது. அந்த ஆரவாரத்திலும் பூனைக்காகப் பேசியவர் அரிது.

“பூனை கூட்டமாகத் துரத்துவதில்லை, கணக்கில் உள்ளவற்றில் பலவும் வீட்டுப் பூனையின் கீறல்தானே, இதற்கு ஒரு கொள்கையா?” என்பர். கொள்கை வேண்டும் என்பதற்கு இந்த மறுப்பே சான்று. இரத்தம் கசியும் கீறல், ரேபிஸ் சிகிச்சை நெறியில் மூன்றாம் வகைக் காயம். தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படுவது. தெருவில் வலை வீசும் வண்டியால் அடுப்படியில் உறங்கும் பூனையை என்ன செய்ய முடியும்? அதற்கு வேண்டியது வாசலுக்கு வரும் தடுப்பூசி; ஆறு மாதத்திற்குள்ளாகவே சினைப்படக்கூடிய பெட்டைக்கு உரிய காலத்தில் கருத்தடை. இதை அறிந்தவர் கால்நடை மருத்துவர். கொள்கை வகுப்போர் அவரிடம் கத்தியை மட்டும் கொடுத்துப் பேனாவைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றனர்.

உடும்பஞ்சோலையின் ஏலத்தோட்ட லயங்களில் பூனை வெறும் செல்லப்பிராணியன்று, உழைக்கும் பிராணி. எலி ஏலக்காயையும் கெடுக்கும், அரிசியையும் கெடுக்கும், எலிக்காய்ச்சலையும் கொண்டுவரும். ஒரு வீட்டில் பால், மறுவீட்டில் மீன்தலை என வரிசை முழுதும் சோறிடும் பூனைக்கு உரிமையாளர் யார் என்று எந்தப் படிவத்தில் எழுதுவது? நகரத்து உரிமமுறையை இங்கே அப்படியே இறக்கினால், அபராதத்துக்கு அஞ்சிக் குட்டிகளைக் காட்டோரம் விடுவோர் பெருகுவர். அருகிலோ மதிகெட்டான் சோலை. தடுப்பூசி காணாத பூனை அங்கே காட்டுயிரைக் கொன்று தின்னும், நோயையும் பரிமாறும். எல்லாப் பூனைகளையும் அகற்றினாலோ எலிக்குக் கொண்டாட்டம். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுக்க மருத்துவரையன்றி யாரால் இயலும்?

‘எங்களுக்கு அதிகாரமில்லை’ என்று கேரளத்துக் கால்நடை மருத்துவர் சொல்லிவிடவும் முடியாது. அதிகாரப் பரவலாக்கம் கால்நடை மருத்துவமனைகளைக் கிராம ஊராட்சிகளின் பொறுப்பில் வைத்தது. கால்நடைத் திட்டங்களை அங்கே நிறைவேற்றும் அலுவலர் அவரே. திட்டம் தீட்டும் பணிக்குழுவிலும் அவருக்கு இடமுண்டு. பசுவுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் வாதாடும் அதே மேசையில் பூனைக்கும் ஒரு வரி எழுதக் கோருவது அவர் கடமை. ஆள் போதாது, மருந்து போதாது என்பது உண்மையானால், அதையும் எழுத்தில் வைத்து அரசைக் கேட்க வேண்டும். கேளாத தேவைக்கு எந்த நிதிநிலை அறிக்கையும் பணம் ஒதுக்குவதில்லை.

எழுதும் வரி எம்மொழியில் சென்று சேரும் என்பதும் மருத்துவமே. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறி வந்து ஏலக்காய் பறிப்பவர்க்குத் தடுப்பூசி முகாமின் நாளை மலையாளத்தில் மட்டும் ஒட்டிவிட்டு, ‘மக்களுக்கு விழிப்புணர்வில்லை’ என்று அறிக்கை எழுதுவது நேர்மையன்று.

சட்டமன்றம் நாயைக் கண்டது, கடித்த செய்தி நாளேட்டில் வந்ததால். பூனையைக் காட்ட வேண்டியவர் மருத்துவர். அவர் மௌனம் காப்பதைப் பணிவென்று பாராட்ட வேண்டியதில்லை. அது கடமை தவறுதல்.